கடலுக்குப் போன மூணாவது ராஜா

மினி பஸ் கண்டக்டர் கூட எங்க தெருவை அப்படித்தான் கூப்பிடுவான். கோயில் ஸ்டாப்பு தாண்டி, மீன் காயப்போடுற களம் தாண்டி, எங்க தெரு முக்குல பஸ் நிக்கும்போது தகரத்தைத் தட்டிக்கிட்டே கத்துவான்: "ரெண்டு ராஜா! ரெண்டு ராஜா எறங்குறவங்கல்லாம் வாங்க!" தெருவுக்கு ஒரு புனிதரோட பேரு உண்டு, முக்குல பலகையும் உண்டு. எவன் படிச்சான்? அந்தச் சத்தம் காதுல விழும்போதெல்லாம் எனக்கு உள்ளங்கால்லருந்து உச்சி வரைக்கும் எரியும். நான் கொஞ்சம் கோவக்காரி, பாத்துக்கிடுங்க. வீட்டுல அம்மா எனக்கு வச்ச பேரு வெடிக்கட்டு.

அந்தக் கேலிப்பேரு எப்படி வந்துச்சுன்னு சொல்லிடுதேன். எங்க ஊர்ல கிறிஸ்மஸுக்குத் தெருவுக்கு ஒரு குடில் கட்டுவோம். சாக்கைக் கஞ்சியில முக்கி மலை செய்வோம், தட்டுல கேழ்வரகு தூவி முளைக்க வைப்போம், அந்தப் பச்சைக்கு நடுவுல மாட்டுக்கொட்டில். உள்ள பாலன், மாதா, சூசையப்பர், ஆடு மாடு, இடையர். வெளிய, நட்சத்திரத்தைப் பாத்து நடந்து வாற மூணு ராஜாக்கள். எல்லாம் ஓரடி உயரச் சிலைகள், நாங்க சுரூபம்னு சொல்லுவோம். பங்குல போட்டி வச்சு, ஜட்ஜுமாரு தெருத் தெருவா வந்து மார்க்குப் போடுவாங்க. எங்க செட்டுல மூணாவது ராஜா கறுத்தவரு, கையில பெட்டி வச்சிருப்பாரு. நான் சின்னப்பிள்ளையா இருக்கையில தெரு அண்ணம்மாரு சுரூபங்களை இறக்கும்போது அவரு கைநழுவி விழுந்து, தலை வேற உடம்பு வேற ஆயிட்டாரு.

சாமியார் தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்ச சுரூபம் உடைஞ்சா குப்பையில போடக்கூடாது. எங்க கடக்கரையில அதுக்கு ஒரு முறை உண்டு. வெள்ளைத் துணியில சுத்தி, வள்ளத்துல கொண்டு போய், ஒரு செபம் சொல்லி ஆழத்துல விட்டுடுவாங்க. எங்க ராஜாவையும் அப்படித்தான் விட்டாங்க. எங்க அப்பா வள்ளத்துலதான் கொண்டு போனது. நான் கரையில நின்னு டாட்டா காட்டுனது எனக்கு நல்ல ஓர்மை.

போனது போகட்டும், புதுசா ஒண்ணு வாங்கலாம்னா ஒத்த ராஜாவை எந்தக் கடைக்காரனும் தரமாட்டான். நாகர்கோவில்ல கேட்டாச்சு, குழித்துறைச் சந்தையில கேட்டாச்சு. "செட்டாத்தான் தருவோம். ஒண்ணை உருவிட்டா மிச்ச ரெண்டு ராஜாவை நான் யாருட்ட விப்பேன்?" அவன் கேக்குறதும் நியாயம்தானே. மயிலாடிக்குப் போய்க் கல்லுல ஒரு ராஜா கொத்திட்டு வரலாம்னு ஒரு அண்ணன் சொன்னாவ. அந்த ராஜாவைக் குடில்ல வச்சா சாக்கு மலை தாங்குமா, சொல்லுங்க.

அப்படியே வருசா வருசம் ரெண்டே ராஜா. ஒரு ராஜா குறைஞ்சா மார்க்கும் குறையும். வடக்குத் தெருவுல மைக்செட்டு வச்சிருக்க ஒரு அண்ணன் உண்டு. கோயில் அறிவிப்பு, கல்யாண வீடு, பந்து விளையாட்டு எல்லாத்துக்கும் அவரு வாய்தான். முதல்ல அவருதான் திருவிழா மைக்கில சொன்னாரு: "ரெண்டு ராஜா தெருப் பிள்ளைகள் கவனிக்கவும்!" ஊரே சிரிச்சுது. அவ்வளவுதான், ஒட்டிக்கிட்டுது. மூணாவது ராஜா வடசேரியில பஸ்ஸை விட்டுட்டாரு, உங்க ராஜா மீன் பிடிக்கப் போயிட்டாரா, இப்படி ஆளாளுக்கு ஒண்ணு.

நடுவுல கடல் உள்ள ஏறி வந்த வருசம் ஒண்ணு. கிறிஸ்மஸுக்கு மறுநாள். எங்க தெருவுலயும் போனவங்க உண்டு, அதை நான் இங்க எழுதப்போறதில்ல. கொஞ்ச வருசம் குடில் போட்டிப் பேச்சை யாரும் எடுக்கல. சுரூபப் பெட்டி கோயில் மாடியில இருந்ததால தப்பிச்சுது. மறுபடி போட்டி தொடங்கினப்போ எல்லாருக்கும் ஒரு சந்தோசம். எங்களுக்கு மட்டும் பழைய கேலியும் கூடவே தொடங்கிடுச்சு.

நான் பதினொண்ணாம் கிளாஸ் படிக்கையில, குடில் கட்டுற அண்ணம்மாரெல்லாம் கொச்சிப்பக்கம் விசைப்படகுக்குப் போயிட்டாங்க. அப்பாவும் கூடப் போயிட்டாரு. அந்த வருசம் பெண்பிள்ளைகளே கட்டுவோம்னு நாங்க ஒரு கூட்டம் கிளம்பினோம். பேரு குடுக்கக் கோயில் முத்தத்துக்குப் போனா, மைக்செட்டு அண்ணன் மேசை போட்டு உக்காந்திருக்காரு.

"ராஜாவும் கிடையாது, பையன்மாரும் கிடையாது. பேசாம ராணியள வையுங்க மக்கா" என்றார். பக்கத்துல நின்னவனெல்லாம் கெக்கேபிக்கேன்னு சிரிச்சான்.

எனக்கு வந்துச்சு பாருங்க. "இந்த வருசம் எங்க குடில்ல மூணு ராஜா நிப்பாங்க. நிக்கலன்னா எங்க தெரு இனிமே போட்டிக்கே வராது. இந்தா, எல்லார் முன்னாலயும் சொல்லுதேன்!"

சொல்லிட்டு விறுவிறுன்னு நடந்து வந்துட்டேன். சேதி எனக்கு முந்தியே வீட்டுக்கு வந்திருந்தது. "ஏட்டி, தெருவையே பணயம் வைக்க நீ யாரு? கொச்சிக்குப் போனவங்க வந்து கேட்டா என்ன சொல்லுவ?" அம்மா வாசல்லயே பிடிச்சுக்கிட்டா. அவ கேட்டதுல ஒரு தப்பும் இல்ல. தெரு அண்ணம்மாரு வருசம் முழுக்கக் காத்திருக்கிற ஒரே விளையாட்டு அது. அதை என் வாயால முடிச்சு வச்சுட்டா நான் எந்த முகத்தோட தெருவுல நடப்பேன்?

முதல்ல களிமண்ணுல ஒரு ராஜா செஞ்சு பாத்தோம். காய்ஞ்சதும் மூஞ்சி நடுவுல வெடிச்சு, பாக்கச் சகிக்கல. அப்புறம் தங்கச்சியோட பொம்மைக்குப் பஞ்சுத் தாடி ஒட்டினோம். அது கண்ணை மூடி மூடித் திறக்குற பொம்மை. தாடியோட அது கண்ணைச் சிமிட்டுனதைப் பாத்து அம்மாவே பயந்துட்டா.

எனக்கு ஒரு தங்கச்சி உண்டுன்னு சொல்லணும். ஆறாம் கிளாஸ். எனக்கு வாய் எவ்வளவு பெருசோ அவளுக்குக் கண்ணு அவ்வளவு பெருசு. எங்க மாமா மஸ்கட்டுலருந்து லீவுக்கு வரும்போது ஒரு டிவி கேமும், ஒரு வாளி நிறைய பிளாஸ்டிக் கட்டையும் கொண்டு வந்திருந்தாரு. மேல குமிழ் குமிழா இருக்கும், ஒண்ணு மேல ஒண்ணை அமுக்கினா டக்குன்னு பிடிச்சுக்கிடும், அந்தக் கட்டை. வாளியைத் தொடுறது நான். டிவி கேமை விட்டு எந்திரிக்காதது அவ.

அந்த கேம்ல ஒரு குட்டி ராஜா. மஞ்சக் கிரீடம், சிவப்பு அங்கி. குழியைத் தாண்டிச் சாடுவான், நெருப்பைத் தாண்டிச் சாடுவான், சாடிக்கிட்டே இருப்பான். குதிக்கிறதை நாங்க சாட்டம்னு சொல்லுவோம், அதனால வச்ச பேரு சாட்டராஜா. அன்னைக்கு நான் தலையில கைவச்சு உக்காந்திருக்கேன், இவ டிவிக்கு முன்னால சம்மணம் போட்டு உக்காந்திருக்கா. ஆட்டம் தொடங்குறதுக்கு முந்தி சாட்டராஜா திரை நிறையப் பெருசா வந்து நிப்பான். ஒரு காலைத் தூக்கி ஓடப்போற மாதிரி.

"அக்கா, இவன் கையில பெட்டி இருக்குல்லா" என்றாள்.

"இருந்துட்டுப் போட்டும். டிவியை நிறுத்து சனியனே."

"இல்லக்கா. ராஜா. கையில பெட்டி. ஓடி வேற வாறான். பஸ்ஸை விட்ட ராஜா ஓடித்தானே வரணும்?"

நான் திரையைப் பாத்தேன். அவன் உடம்பெல்லாம் சின்னச் சின்னச் சதுரம். கிரீடம் சதுரம், மூக்கு சதுரம், பெட்டி சதுரம். திரும்பி மூலையில இருந்த வாளியைப் பாத்தேன். அங்கயும் சதுரம். தங்கச்சியைக் கட்டிப்பிடிச்சு ரெண்டு கன்னத்துலயும் முத்தம் குடுத்தேன். அவ கன்னத்தைத் துடைச்சுட்டு, "ஆட்டத்தைத் தொடங்கட்டா?" என்றாள். தொடங்குனா கொன்னுடுவேன்னு சொல்லிட்டேன்.

இனி அவனைப் பாத்து எப்படிக் கட்டுறது? சதுரத்தை விரலால எண்ணுனா பாதியில கணக்குத் தப்புது. எங்க வீட்டுல வலைக்குப் பஞ்சமா? பள்ளிக்கூடம் விட்டு வந்தா நானும் அம்மாவும் கிழிஞ்ச வலை முடியிறதுதான் வேலை. நெத்திலி வலைத்துண்டு ஒண்ணை எடுத்தேன். வலை ஓட்டையை நாங்க கண்ணுன்னு சொல்லுவோம், இதுல சின்னக் கண்ணு. டிவி முன்னால விரிச்சு, நாலு மூலையும் நூல் கட்டி இழுத்துப் பிடிச்சா, சாட்டராஜாவோட ஒரு சதுரத்துக்கு வலையில ஒரு கண்ணு, கிட்டத்தட்டச் சரியா வந்து உக்காருது! "கொள்ளாமே!" என்று நானே என் முதுகைத் தட்டிக்கிட்டேன். தங்கச்சி கண்ணு கண்ணா எண்ணிச் சொல்ல, நான் கட்டையை அடுக்கணும்.

அந்தக் காலத்துக் கரண்டு உங்களுக்குத் தெரியும். கிரீடம் முடிச்சுத் தாடிக்கு வரும்போது போகும். வந்த பிறகு டிவியைப் போட்டு, கேமைப் போட்டு, வலையைத் திரும்ப அதே இடத்துல இழுத்துக் கட்டி, மறுபடியும் கிரீடத்துலருந்து எண்ணணும். மின்சார ஆபீஸ்காரங்களுக்கு அந்த வாரம் நான் குடுத்த வாழ்த்தையெல்லாம் கோயில்ல பாவமன்னிப்புக் கேக்கையில சொல்லவேண்டியதாப் போச்சு.

மூஞ்சிக்கு வந்தப்போ ஒரு சிக்கல். கேம்ல அவனுக்கு மாநிற மூஞ்சி. வாளியில அந்த நிறத்துல ஒரு கட்டை கூட இல்ல. சிவப்பு உண்டு, மஞ்ச உண்டு, நீலம் உண்டு. ஏதோ ரயில் வண்டிக்கு வச்சிருந்த கறுப்புக் கட்டைதான் குமிஞ்சு கெடக்கு. நான் மஞ்சளை எடுக்கப்போனேன். தங்கச்சி கையைப் பிடிச்சா.

"நம்ம ராஜா கறுப்புல்லாக்கா?"

எனக்கு அப்பத்தான் உறைச்சுது. ஆமா, உடைஞ்சு போனது கறுத்த ராஜாதான். இவ அவரைப் பாத்ததே கிடையாது, நாங்க சொல்லிக் கேட்டதுதான். நான்தான் கரையில நின்னு டாட்டா காட்டுனவ. கறுப்புக் கட்டையை வச்சு, ரெண்டு கண்ணுக்கு வெள்ளை வச்சு அமுக்குனதும், அந்தப் பழைய மூஞ்சி என்னைப் பாத்த மாதிரி இருந்துச்சு.

ராஜாவைக் கட்டி முடிச்சு நிமிர்த்தி வச்சோம். ரெண்டு அடி பின்னால போய்ப் பாத்தோம். டிவியில இருந்தது குட்டையா, கொழுகொழுன்னு ஒரு ராஜா. எங்க முன்னால நிக்கிறது ஒட்டடைக்கம்புக்கு அங்கி போட்ட மாதிரி ஒரு ஆளு. நெஞ்சு நீண்டு, மூஞ்சி நீண்டு, பட்டினி கெடந்தவன் மாதிரி. கொட்டிலுக்குப் பக்கத்துல வச்சா கூரைக்கு மேல கிரீடம்.

"ஒழுங்கா எண்ணத் தெரியாதா ஒனக்கு? சவமே!" பாய்ஞ்சேன்.

"நான் சரியாத்தான் எண்ணினேன்! நீதான் தப்பாக் கட்டுன!" அவளும் பாய்ஞ்சா. அம்மா வந்து ரெண்டு பேர் முதுகுலயும் ஆளுக்கு ஒண்ணு வச்சுட்டுப் போனா. திரும்ப எண்ணுனோம். வலையில எத்தனை கண்ணோ ராஜாவுலயும் அத்தனை வரிசை. ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல. பின்ன எப்படி நீண்டான்?

அன்னைக்கு முழுக்க அவனை நான் திரும்பிப் பாக்கல. மறுநாள் அம்மாவோட வலை முடிஞ்சுக்கிட்டு இருக்கையில, கம்புல தொங்குன வலையை வெறுமனே பாத்துக்கிட்டு இருந்தேன். தரையில விரிச்சா கண்ணு சதுரமா இருக்கும், தொங்கவிட்டா இழுபட்டு நீளும். அதனால தொங்கும்போது ஆழம் கூடாம இருக்க வரிசையைக் குறைச்சுக் கட்டுவோம். இது எங்க கடக்கரையில கைப்பிள்ளைக்குக் கூடத் தெரியும். ஊசியைப் போட்டுட்டு உள்ள ஓடி ஒரு கட்டையை எடுத்துப் பாத்தேன். ஒத்தைக் குமிழ்க் கட்டை. அகலத்தைவிட உயரம் ஒரு இழை கூட! கண்ணுக்குச் சதுரம் மாதிரித் தெரியும், அவ்வளவுதான். ஒண்ணு மேல ஒண்ணு ஏற ஏற அந்த இழையெல்லாம் சேந்து ராஜாவை இழுத்துட்டுது. நாங்க வலைக்காரப் பிள்ளைகள், கண்ணு எண்ணிக்கை சரியா இருந்தாப் போதும்னு நம்பிட்டோம். கட்டையும் நீளுற கண்ணுதான்னு எங்களுக்குத் தோணவே இல்ல.

"ஏட்டி, வா இங்க! ஆறு வரிசைக்கு ஒரு வரிசையை எடுத்துடணும்!"

"எந்த வரிசையை?"

அதுதான் கேள்வி. கண்ணு இருக்கிற வரிசையில கைவச்சா குருடனாயிடுவான். கிரீடத்தோட முனையை எடுத்தா ராஜாவே இல்ல, தொப்பி வச்ச ஆளு. நெத்தியில ஒண்ணு, தாடியில ஒண்ணு, வயித்துல ஒண்ணு, அங்கியில மீதின்னு, பல்லால கடிச்சுக் கடிச்சுக் கட்டையைப் பிரிச்சு எடுத்தோம். ஒரு வரிசை குறையக் குறைய அவன் உருண்டு திரண்டு வாறான். கடைசி வரிசையை எடுத்துட்டு அமுக்குனதும், டிவியில நின்ன அதே கொழுகொழு ராஜா, ஒரு காலைத் தூக்கிட்டுத் தரையில நிக்கிறான். நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரங்க பாம்புன்னு நினைச்சுக் கம்போட வந்துட்டாங்க.

பெட்டியை மட்டும் நான் தனியாச் செஞ்சேன். வாளியில ஏதோ வீட்டோட ஜன்னல் கதவு ஒண்ணு கெடந்தது. அதை மூடியா வச்சேன். திறந்து மூடலாம். எனக்கே பெருமை தாங்கல.

அம்மாவுக்குத்தான் மனசு ஒப்பல. "மந்திரிக்காத டிவி பொம்மையைக் கொண்டு போய் பாலன் பக்கத்துல வைக்கப் போறியளா? பங்குச்சாமியார் பாத்தா என்ன சொல்லுவாரு? இருக்குற மானமும் போயிடும்." தெருப் பொம்பளைகள் பாதிப் பேரு அம்மா பக்கம். ராஜாவைக் கட்டுறதுல இருந்த வேகத்துல இதை நான் யோசிக்கவே இல்ல. கடைசியில ஒரு முடிவுக்கு வந்தோம். வைக்கிறது. ஃபாதர் எடுன்னு சொன்னா அந்த நிமிசமே எடுத்துடுறது. எடுத்துட்டா ரெண்டு ராஜாதான். ரெண்டு ராஜான்னா நான் சொன்ன சொல்லு. தெரு அதோட போட்டியை விட்டு வெளிய.

மலையடியில மணலைக் குவிச்சு, ஒத்தைக் காலைப் புதைச்சு அவனை நிறுத்தினோம். முன்னால போற ரெண்டு ராஜாவும் ஆடாம அசையாம மரியாதையா நடக்காங்க. பின்னால இவன் காலைத் தூக்கிக்கிட்டு ஓடி வாறான்.

ஜட்ஜுமாரு சாயங்காலம் வந்தாங்க. பங்குச்சாமியாரு, கான்வென்ட் சிஸ்டர் ஒருத்தர், வெளியூர் டிராயிங் சார் ஒருத்தர். வழிகாட்ட மைக்செட்டு அண்ணன். தெரு முழுக்கக் குடிலைச் சுத்தி நிக்குது. மலையைப் பாத்தாங்க, முளைப்பயிரைத் தடவிப் பாத்தாங்க, சிஸ்டர் பாலனைக் கும்பிட்டாங்க. ஃபாதர் ராஜாக்கள் பக்கம் வந்தாரு. ஒண்ணு, ரெண்டு. மூணாவதுல நின்னுட்டாரு.

"இது யாரும்மா?"

வெடிக்கட்டு நமத்துப் போச்சு. மைக்செட்டு அண்ணன்தான் முந்திக்கிட்டாரு: "டிவி கேம்ல வாற பொம்மை, ஃபாதர். என் மவனும் விளையாடுவான். சாடிச் சாடிப் போகும். அதைக் கொண்டாந்து நம்ம ஆண்டவர் குடில்ல வச்சிருக்குதுவ." சொல்லிட்டு ஒரு சிரிப்பு.

ஃபாதர் சிரிக்கல. குனிஞ்சு பாத்தாரு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுட்டு மறுபடி பாத்தாரு. அம்மா என் பின்னால நின்னு செபமாலையை உருட்டுறது எனக்குக் கேக்குது.

"கையில என்ன?"

"பெட்டி, ஃபாதர்" என்றேன்.

"திறக்குமா?"

"திறக்கும் ஃபாதர்!" தங்கச்சி குரல், கூட்டத்துக்குள்ளருந்து. எனக்கு ஒரு தைரியம் வந்துச்சு. பெட்டி வெறும் பெட்டி. மூடியைக் காட்டுனா சந்தோசப்படுவாருன்னு நினைச்சு, நகத்தால நெம்பித் திறந்தேன்.

குப்புன்னு வாசம். உள்ள நெத்திலிக் கருவாடு. வாலு மடக்கி, தலை மடக்கி, திணிச்சு வச்சிருக்கா என் தங்கச்சி, பாவி மட்டை. சிஸ்டர் முந்தானைத் துணியால மூக்கைப் பொத்துனாங்க. மைக்செட்டு அண்ணன், "கருவாடா? கும்பிட வந்த ராஜா கையில கருவாடா?"ன்னு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்காரு. நான் தங்கச்சியைத் தேடுனேன். அவ அந்தப் பெரிய கண்ணை விரிச்சு, என்ன தப்புங்குற மாதிரி என்னையே பாத்துக்கிட்டு நிக்கா. அந்தச் சிரிப்பும் அவ மூஞ்சியும் ஒண்ணாத் தெரிஞ்சதும் எனக்குக் கோவம் பொங்கிடுச்சு. யாருட்டச் சொல்லுதோம்னு கூட யோசிக்கல.

"எங்க ராஜா கடலுக்குள்ள போனவரு, ஃபாதர். உடைஞ்ச அன்னைக்கு எங்கப்பா வள்ளத்துலதான் கொண்டு விட்டது. நான் கரையில நின்னு பாத்தேன். எத்தனையோ வருசம் கழிச்சு இப்பத்தான் திரும்பி வந்திருக்காரு. கடலுக்குப் போயிட்டு வாறவரு வெறுங்கையோடயா வருவாரு? மத்த ராஜாமாரு பொன்னு கொண்டு வரட்டும். எங்க தெரு ராஜா எங்ககிட்ட உள்ளதைத்தான் கொண்டு வருவாரு!"

சிரிப்பு நின்னுச்சு. கடலுக்குப் போனவரு திரும்பி வந்துட்டாருன்னு எங்க தெருவுல நின்னு சொல்லிட்டேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய சொல்லுன்னு எனக்கே தெரிஞ்சுது. பின்னால யாரோ மூக்கை உறிஞ்சுனாங்க. எங்க அம்மாதான்.

ஃபாதர் பெட்டிக்குள்ள விரலை விட்டாரு. ஒரு நெத்திலியை எடுத்து மோந்து பாத்தாரு. அப்புறம் சிரிச்சாரு பாருங்க, வயிறு குலுங்கக் குலுங்க, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். "பாலன் வளந்த பிறகு கூட்டாளியாச் சேத்ததெல்லாம் யாரைன்னு நினைக்க? மீன்காரங்களை!" மைக்செட்டு அண்ணன் தோள்ல ஒரு அடி அடிச்சுச் சொன்னாரு: "போய் தீர்த்தம் எடுத்துட்டு வாரும்." அவரு கையாலயே எடுத்துட்டு வந்து குடுக்க, ஃபாதர் சாட்டராஜா தலையில தெளிச்சாரு. கறுத்த மூஞ்சியில தண்ணி சொட்டுச் சொட்டா இறங்குச்சு. மந்திரிச்சாச்சு. இனி எவன் பேசுவான்?

அவங்க போனதும் தங்கச்சியைப் பிடிச்சு உலுக்கினேன். "என்னட்டி வேலை பண்ணி வச்ச?"

"வெறும் பெட்டியைக் குடுத்தா பாலனுக்குச் சங்கடமா இருக்காதாக்கா? வீட்டுல அதுதான் இருந்துச்சு" என்றாள். அவளை என்ன செய்ய?

மூணு ராஜாக்கள் திருநாள் அன்னைக்குப் பூசை முடிஞ்சு முடிவு சொன்னாங்க. கொச்சிக்குப் போனவங்க வந்து சேந்திருந்தாங்க. அப்பா கடைசி பெஞ்சில உக்காந்திருந்தாரு. மைக்செட்டு அண்ணன் பேப்பரை எடுத்து ஃபாதர் கையில குடுத்தாரு. மூணாவது பரிசு சொன்னாங்க, நாங்க இல்ல. ரெண்டாவது வடக்குத் தெரு. ஃபாதர் பேப்பரைப் பாத்தாரு, மைக்செட்டு அண்ணனைப் பாத்தாரு.

"முதல் பரிசு. இதுல ரெண்டு ராஜா தெருன்னு எழுதியிருக்கு. நான் அன்னைக்குப் போய் எண்ணிப் பாத்தேன். எழுதுனது தப்பு. திருத்தி வாசிக்கேன். மூணு ராஜா தெரு!"

வடக்குத் தெருவோட சொந்த மைக்கு, சொந்த ஸ்பீக்கரு. கடல் வரைக்கும் கேட்டிருக்கும். நான் பெஞ்சு மேல ஏறிக் குதிச்சேன், கோயிலுக்குள்ள இருக்கோம்னு ஒரு ஓர்மையும் இல்ல. மந்திரிக்காத பொம்மைன்னு சொன்ன அம்மா, பக்கத்துல நின்ன பொம்பளைகிட்ட, "எம்மவளுவ செஞ்சது! ரெண்டும் எம்மவளுவ!"ன்னு முதுகுல அடிச்சு அடிச்சுச் சொல்லுதா. அப்பா கோப்பையை வாங்கக்கூட முன்னால வரல. நேரே குடிலுக்குப் போய், சாட்டராஜா முன்னால குத்தவச்சு உக்காந்து, அவன் கிரீடத்தை ஒரு விரலால தொட்டுப் பாத்துக்கிட்டு இருந்தாரு. "வந்துட்டீரா ஓய்" என்று கேட்டாரு. அவ்வளவுதான் பேசினாரு.

பொங்கல் கழிஞ்சு ஒருநாள் மாமா வீட்டுக்கு மினி பஸ்ஸுல போறோம், நானும் தங்கச்சியும். பூசை முடிஞ்சு நேரே கோயில் ஸ்டாப்புல ஏறினோம். மாமா வீடு எங்க தெருவையும் தாண்டி ரெண்டு ஸ்டாப்பு. கையில அம்மா குடுத்துவிட்ட முறுக்கு டப்பா. களம் தாண்டி பஸ் மெதுவாச்சு. கண்டக்டர் தகரத்தைத் தட்டினான்.

"மூணு ராஜா! மூணு ராஜா எறங்குறவங்கல்லாம் வாங்க!"

நான் தங்கச்சியைப் பாத்தேன், அவ என்னைப் பாத்தா. டப்பாவைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, ஆளுகளை இடிச்சுத் தள்ளிட்டு ரெண்டு பேரும் எறங்கிட்டோம். மாமா வீட்டுக்கு அங்கருந்து நடந்துதான் போனோம்.